பிளஃப் என்று தோன்றியும் சீட்டைப் போட்டது தப்பா?

கேள்வி: போக்கரில் கடைசிச் சீட்டு விழுந்ததும் பாட்டில், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயத் தொகையில், பாதி அளவுக்கு எதிராளி கட்டினார். பிளஃப், அதாவது நல்ல சீட்டு இல்லாமலே மிரட்டுகிறார் என்று உடனே தோன்றியது. யோசித்து யோசித்துக் கடைசியில் சீட்டைப் போட்டுவிட்டு ஆட்டத்திலிருந்து ஒதுங்கிவிட்டேன். அவர் வெறும் சீட்டைத் திருப்பிக் காட்டிச் சிரித்தார். முதல் கணிப்பையே நம்பியிருக்க வேண்டுமா?

பதில்: அப்படித் தோன்றியதற்கும் சீட்டைப் போட்டதற்கும் நடுவில் புதிதாக எதையாவது பார்த்தீர்களா? இல்லையென்றால் அது யோசனை இல்லை, பயம். போதாக்குறைக்கு, நூற்றுக்கு நூறு உறுதி இருந்தால்தான் கால் செய்யலாம் (அவர் கட்டிய அளவுக்கு நீங்களும் கட்டிச் சீட்டைப் பார்க்கலாம்) என்று நினைத்திருக்கிறீர்கள். பாட்டில் 1000 சிப் (பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லை), அவர் 500 கட்டுகிறார். 500 போட்டு 1500 எடுக்கப் பார்க்கிறீர்கள். நான்கில் ஒரு தடவை அவர் பிளஃப் அடித்தாலே கையைக் கடிக்காது.

ஆனால் அந்த எண்ணம் எதிலிருந்து வந்தது? ஃப்ளாப்பில் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில்) இரண்டு ஸ்பேடு, கட்டினார். டர்னில் (நான்காவது சீட்டில்) செக், அதாவது கட்டாமல் விட்டார். ரிவரிலும் (கடைசிச் சீட்டிலும்) ஸ்பேடு வரவில்லை, திடீரென்று கட்டுகிறார். ஃப்ளஷ்ஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து சீட்டுக்கு) காத்திருந்து ஏமாந்தவரோ என்று சந்தேகப்பட்டால் அது கணிப்பு. (ஸ்பேடு ஏஸ் உங்கள் கையிலேயே இருந்தால் அவரிடம் இரண்டு ஸ்பேடு இருக்கும் வாய்ப்பு குறையும், அந்தச் சந்தேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.) ஆள் முழியே சரியில்லை என்பதெல்லாம் கணிப்பில் சேராது.

உடல்குறிகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சிப்பைத் தள்ளும் விரல் நடுங்கினால் பொய் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நேர்மாறு, பெரிய சீட்டு வந்த படபடப்பு அது. அதுவும், அதுவரை நடுங்காத கை நடுங்கினால்தான் கணக்கு. புதிதாக ஆட வந்தவருக்கு எதற்கெடுத்தாலும் நடுங்கும். அறை ஏசியில் உறைந்து கிடந்தால் எல்லோருக்கும் நடுங்கும். அதனால் நீங்கள் ஆடாமல் ஒதுங்கிய சுற்றுகளிலும் அவர் விரலைப் பார்த்து வையுங்கள்.

அப்புறம், அவர் சீட்டைச் சும்மா காட்டவில்லை. அடுத்த தடவை எரிச்சலில் நீங்கள் கால் செய்ய வேண்டும், அதற்குத்தான்.

இந்த எரிச்சலில் இருப்பவர்களைத் தேடி வருகிற கூட்டம் ஒன்று உண்டு. முகத்தைப் பார்த்தே சீட்டைச் சொல்லக் கற்றுத்தருகிறேன் என்று வகுப்பு விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். ஆன்லைனில் முகமே கிடையாது, கட்டும் தொகையும் எடுத்துக்கொள்ளும் நேரமும்தான். கடனில் சிப் தரும் ஏஜென்ட் அதைவிட மோசம். அவர் சேர்த்துவிடும் மேசையில் இரண்டு பேர் பேசிவைத்து ஆடினால் உங்கள் கணிப்பு என்னத்துக்கு ஆகும்? ஆட்டத்தை நடத்துபவர்களிடம் புகார் கொடுத்துப் பாருங்கள், 'பரிசீலிக்கிறோம்' என்று அச்சடித்த பதில் வரும். பாட்டிலிருந்து கமிஷன் எடுக்க மட்டும் எந்தப் பரிசீலனையும் தேவைப்படுவதில்லை.