கையால் சுற்றிய நல்ல சிகாரை எப்படி ருசித்துப் புகைப்பது? நம்ம சுருட்டுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

கேள்வி கேட்ட தம்பியின் கதை சுருக்கமாக இது. கனடாவிலிருந்து வந்த மாமா, நிக்கராகுவாவில் கையால் சுற்றிய சிகார் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். ஆசையாகப் பற்றவைத்து நாலு இழுப்பு இழுத்ததும் இருமல், தலைசுற்று, நாக்கெல்லாம் கசப்பு. "இதில் அப்படி என்ன ருசி? இவ்வளவு காசு எதற்கு?" என்று கேட்கிறார்.

என் முதல் சிகாரும் அப்படித்தான் முடிந்தது. திருகோணமலைக்குத் திரும்பி வருவதற்கு முன்னால் பதினொரு வருடம் சரக்குக் கப்பல்களில் இயந்திர அறையில் இருந்தேன். ஒரு நாள், காலையில் குடித்த தேத்தண்ணியைத் தவிர வயிற்றில் ஒன்றுமில்லை. கூட வேலை செய்த கிரேக்கர் ஒருவர் நீட்டிய சிகாரை வாங்கி சிகரெட் வேகத்தில் இழுத்தேன். பாதி எரிவதற்குள் கை சில்லிட்டு, முகம் வியர்த்து, ஆடுவது கப்பலா நானா என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். அந்த மனுஷன் சிரிக்கவில்லை. இரண்டு கரண்டி சீனியை வாயில் போடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் தெளிந்தது.

காரணம் எளிது. சிகரெட் புகையில் அமிலத்தன்மை கூட; அதனால் அதன் நிக்கோட்டின் வாயில் அவ்வளவாக ஏறாது, நெஞ்சுக்குள் இழுத்தால்தான் ஏறும். சிகார் புகை காரத்தன்மை உள்ளது. வாயில் வைத்திருந்தாலே கன்னத்துத் தோல் வழியாக ஏறிவிடும். அதை நெஞ்சுக்குள்ளும் இழுத்தால் இரட்டைக் கணக்கு. ஆகவே தம்பி, நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது. பாயசத்தை வாயில் வைத்துப் பார்க்கிற மாதிரிப் புகையை வாய்க்குள் எடுத்து, கொஞ்சம் வைத்திருந்து, வெளியே விட வேண்டும். வயிற்றிலும் சோறு இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், எப்படிப் புகைப்பது என்ற பாடம் முழுக்க எங்கள் வீட்டு விறாந்தையிலேயே நடந்திருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.

என் அப்பப்பா இங்கே கப்பற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1957இல் வெள்ளைக்காரன் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும்வரை அங்கேதான். எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் அவர் சாய்மனைக் கதிரையும் யாழ்ப்பாணச் சுருட்டுமாகத்தான் இருந்தார். பின்னேரம் குளித்துவிட்டு வந்து உட்காருவார். சுருட்டை எடுத்து மூக்கடியில் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை இழுத்து மணப்பார். இரண்டு விரலால் அங்கங்கே மெல்ல அமுக்கிப் பார்ப்பார். நுனியைப் பல்லால் கடித்துத் துப்புவார். பிறகு பற்றவைக்காமலேயே பத்து நிமிடம் வாய் ஓரத்தில் வைத்திருப்பார். அப்பம்மா "கொளுத்துறதுக்கு நெருப்பு இல்லையோ" என்று கேட்டாலும் அசைய மாட்டார். நெருப்புக் குச்சியைக் கிழித்தால், மருந்து எரிந்து முடிந்து வெறும் குச்சி எரியும்வரை காத்திருப்பார். அந்த ஒரு சுருட்டு, பத்திரகாளி அம்மன் கோவில் மணி கேட்கும்வரை ஓடும்.

பிற்காலத்தில் சிகார் பற்றி எழுதியவற்றை வாசித்தபோது ஒவ்வொரு வரியிலும் அப்பப்பாதான் தெரிந்தார். ஆங்கிலத்தில் 'செரூட்' என்ற சொல்லே நம்முடைய 'சுருட்டு'தான் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

வித்தியாசத்துக்கு வருகிறேன். இரண்டுமே கையால் சுற்றுவதுதான். கைவேலையை மட்டும் வைத்து ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்று சொல்ல முடியாது. வித்தியாசம் இலையைப் பக்குவப்படுத்துவதில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பொயிலையைக் குடிலுக்குள் அடுக்கி, பொச்சுமட்டை எரித்துப் புகை போடுவார்கள். சுருட்டில் வரும் அந்தக் கருகல் வாசம் அந்தப் புகைதான். சிகார் இலைக்குப் புகை போடுவதில்லை. காற்றோட்டமான கொட்டிலில் வாரக்கணக்கில் தொங்கவிட்டுக் காயவைக்கிறார்கள். பிறகு பெரிய அம்பாரமாக அடுக்கிவிடுவார்கள். அம்பாரம் தானாகவே உள்ளுக்குள் சூடாகிப் புளிக்கும். மூக்கை அரிக்கிற அமோனியா வெளியேறும். சூடு அளவு மீறினால் அடியை மேலே கொண்டுவந்து திருப்பி அடுக்குவார்கள். அதன்பின் வருடக்கணக்கில் கட்டுக்களாகக் கிடக்கும். நீங்கள் கொடுக்கும் காசில் பெரும் பங்கு இந்தக் காத்திருப்புக்குத்தான். பச்சையாகச் சுற்றினால் எவ்வளவு நல்ல இலையும் தொண்டையை அறுக்கும்.

உள்ளே மூன்று அடுக்கு இருக்கும். வெளியே தெரிவது போர்வை இலை. நரம்பு தெரியாமல், எண்ணெய் பூசிய மாதிரி மினுங்க வேண்டும். அதற்கடியில் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் இலை. நடுவில் நிரப்பும் இலைகள். நல்ல சிகாரில் இவை துண்டு துகளாக இல்லாமல் முழு நீளத்துக்கும் ஓடும். ஒரே செடியிலேயே மேல் கொப்பு இலை ஒரு குணம், கீழ் இலை ஒரு குணம். உச்சி இலை வெயில் குடித்துத் தடித்தது. வீரியம் அதில்தான், ஆனால் மெதுவாகத்தான் எரியும், அதனால் நட்ட நடுவில் வைப்பார்கள். இடை இலை வாசத்துக்கு. அடி இலை நெருப்புப் பிடித்து எரிய. சுற்றுகிறவரின் கை இந்தக் கணக்கைத் தவறவிட்டால், எரிவது ஒரு பக்கமாகச் சரியும்.

மாமா தந்தது நிக்கராகுவா என்றீர்கள். எஸ்தெலிப் பக்கத்து எரிமலை மண் இலை பொதுவாக மிளகு மாதிரி உறைப்பாகத்தான் ஆரம்பிக்கும். 1959 புரட்சிக்குப் பிறகு கியூபாவை விட்டு வெளியேறிய பொயிலைக்காரர் பலர் விதையும் கைப்பழக்கமுமாக நிக்கராகுவா, ஹொண்டூராஸ், டொமினிக்கன் குடியரசு என்று போனார்கள். 1962இல் அமெரிக்கா கியூபாமீது போட்ட வணிகத் தடை அந்த நாடுகளுக்குப் பெரிய சந்தையைத் திறந்துவிட்டது. ஆகவே கியூபா இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். முதல் சிகாராக வாங்குவதென்றால் மட்டும், கனெக்டிகட் வகை வெளிர் போர்வை உள்ளதை வாங்குங்கள், சாது. கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் 'அசல் கியூபா' என்று யாராவது நீட்டினால் திரும்பிப் பார்க்காமல் நடக்கலாம். அசல் அப்படி வருவதே இல்லை.

சரி, புகைக்கும் முறை.

அமுக்கிப் பாருங்கள். கட்டி தட்டினால் புகை வராது; ஓரிடத்தில் பொசுக்கென்று உள்ளே போனால் அங்கே இலை குறைவு, சூடாக எரியும். காதோரம் சரசரத்தால் காய்ந்துவிட்டது. வெட்டும்போது, வாயில் வைக்கும் முனையில் ஒரு சின்னத் தொப்பி ஒட்டியிருக்கும். அதன் நுனியை மட்டும், இரண்டு மில்லிமீட்டர் போதும். தொப்பி முடிகிற கோட்டைத் தாண்டி வெட்டினால் போர்வை பாய் சுருள் அவிழ்கிற மாதிரி அவிழ்ந்து கையோடு வரும். நான் ஒன்றைச் சவர பிளேட்டால் வெட்டி அப்படி நாசமாக்கினேன். அப்பப்பாவின் பல் அதைவிட நேர்த்தி.

வெட்டியதும் நெருப்பில்லாமல் ஒரு இழுப்பு இழுங்கள். குழாயால் இளநீர் உறிஞ்சுகிற அளவுக்கு இலேசான தடை இருக்க வேண்டும். வைக்கோல், உலர்ந்த முந்திரிகை (திராட்சை) என்று ஏதாவது ஒரு வாசம் அப்போதே வரும். அவர் பத்து நிமிடம் வாயில் வைத்திருந்தது இதற்குத்தான்.

பற்றவைப்பதில் அவசரம் கூடாது. பெற்றோல் லைட்டர் வேண்டாம், அந்த வாசம் கடைசிவரை போகாது. காஸ் லைட்டர் அல்லது நெருப்புக் குச்சி. சுடர் சிகாரில் படாமல், கொஞ்சம் கீழே பிடித்து, சிகாரைச் சுற்றிச் சுற்றி முனையை வாட்டுங்கள். அப்பளம் சுடுகிற பக்குவம். விளிம்பு முழுக்கக் கனிந்ததும் வாயில் வைத்து முதல் இழுப்பு. டச்சுக்குடாக் கடற்கரையில் உட்கார்ந்து புகைத்தால் படமாக அழகாக இருக்கும், ஆனால் கச்சான் காற்றில் ஒரு பக்கம் மட்டும் ஓடி எரிந்து தோணி மாதிரி ஆகிவிடும். காற்று ஒதுங்கிய முற்றம்தான் சரி.

பிறகு நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. அதற்கு மேல் வேண்டாம். வேகமாக இழுத்தால் உள்ளே சூடேறி, இலையில் இருக்கிற இனிப்பும் எண்ணெயும் கருகி, நீங்கள் சொன்ன அந்தக் கசப்பு வரும். கையில் சுடுகிறதா, கீழே வைத்துவிட்டுக் கதையுங்கள். ஐந்து அங்குல நீளமும் ஐம்பது ரிங் பருமனும் உள்ளது, அதாவது ஒரு அங்குலத்தில் அறுபத்து நாலில் ஐம்பது பங்கு தடிப்பு, முக்கால் மணியிலிருந்து ஒரு மணிவரை போக வேண்டும். சாம்பலைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். ஒரு அங்குலம்வரை நின்றால் நெருப்பு குளிர்ந்து எரியும். வேட்டியில் விழுமுன் மெதுவாக உருட்டி விட்டால் போதும்.

ருசியைப் பற்றி எழுதுகிறவர்கள் செர்ரி, ஓக் மரம் என்றெல்லாம் அடுக்குவார்கள். நான் ஓக் மரத்தைத் தொட்டதுகூட இல்லை. நெடுநாள் எனக்கு 'புகை, கொஞ்சம் காரம்' என்பதைத் தாண்டி ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு இரவு, வாயிலிருந்த புகையில் கொஞ்சத்தை மூக்கு வழியாக விட்டேன் (நெஞ்சுக்குப் போகாமல், வாயிலிருந்து நேரே மூக்குக்கு, பழகும்வரை எரியும்). அப்போது சட்டென்று வந்தது, கோவில் திருவிழாவில் வண்டிக்காரர் சூடான மணலில் கச்சான் வறுக்கிற வாசம். இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு: எங்கள் ஊரில் நிலக்கடலையும் கச்சான்தான், அந்தக் காய்ந்த காற்றும் கச்சான்தான். ருசியில் பெரும் பங்கு மூக்கில் இருக்கிறது. மூக்கு தனக்குப் பழகிய பெயரைத்தான் சொல்லும். அதற்குப் பிறகு என் பட்டியல் நம்ம ஊர்ப் பட்டியலாகிவிட்டது: வறுத்த உழுந்து, இடித்த கோப்பி, பனங்கட்டி, செருப்புக் கடைத் தோல், முதல் மழை விழுந்த மண், பாட்டியின் பழைய அலமாரி.

முதல் மூன்றில் ஒரு பங்கு பெரும்பாலும் உறைப்பாக, கொஞ்சம் முரடாக இருக்கும். நடுப்பங்குதான் சிகாரின் உண்மையான குணம். காரம் அடங்கி இனிப்பும் கொட்டை வாசமும் வரும். கடைசிப் பங்கில், அதுவரை எரிந்ததன் எண்ணெயும் நிக்கோட்டினும் வாய்ப்பக்கம் சேர்ந்து, கனத்துக்கொண்டே வரும். கூடக் குடிப்பதற்குச் சாராயம் என்பார்கள். நான் பனங்கட்டி கடித்துக்கொண்டு பிளேன்ரீதான். பால் தேத்தண்ணி நாக்கில் படிந்து ருசியை மறைக்கும்.

இங்கே வைத்துக் காப்பாற்றுவது தனிப் பாடு. சிகாருக்குப் பிடித்தது 65 முதல் 70 வீதம்வரை ஈரப்பதம், 20 பாகை அளவில் சூடு. நமக்கு மாரியில் வாடைக்காற்றோடு பூஞ்சை, கோடையில் கச்சானோடு வறட்சி. அதைவிடப் பெரிய எதிரி பொயிலை வண்டு. முட்டை இலையோடேயே வரும். 25 பாகையைத் தாண்டிய சூட்டில் பொரிக்கும். கப்பலிலிருந்து நான் கொண்டுவந்த ஒரு பெட்டியை அலமாரியில் வைத்து மறந்தேன். திறந்தபோது ஒவ்வொன்றிலும் ஊசி குத்திய மாதிரி ஓட்டை, அடியில் மா மாதிரித் தூள், இரண்டு மில்லிமீட்டர் மண்ணிற வண்டுகள் சாவகாசமாக நடக்கின்றன. இருபத்தைந்தும் போச்சு. இப்போது வாங்கியதும் காற்றுப் புகாத பையில் கட்டி, ஒரு நாள் பிரிட்ஜில், மூன்று நாள் உறைபெட்டியில், திரும்ப ஒரு நாள் பிரிட்ஜில் வைத்து எடுப்பேன். திடீரென்று சூடு மாறினால் போர்வை வெடிக்கும் என்பதால்தான் இந்தப் படிப்படி. பிறகு இறுக்கமாக மூடும் சாப்பாட்டுப் பெட்டிக்குள், 65 வீத ஈரப்பதப் பொதி ஒன்றோடு, வீட்டின் குளிர்ந்த மூலையில். பை ஓட்டையில்லாததா என்று இரண்டு தரம் பாருங்கள். ஒருமுறை சூடைமீன் வாசத்தோடு ஒரு சிகார் புகைத்தேன்.

உடம்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய் புற்றுநோய்க்கு இது கதவு திறக்கும். பெரிய சிகார் ஒன்றில் ஒரு பைக்கற் சிகரெட்டின் பொயிலை இருக்கலாம். அப்பப்பாவின் தம்பி வெற்றிலையும் சுருட்டுமாக இருந்து வாய்ப் புற்றுநோயில்தான் போனார். கடைசி மாதங்களில் கஞ்சிகூட இறங்கவில்லை. நான் வருடத்துக்கு நாலைந்து, அதுவும் பிள்ளைகள் வீட்டில் இல்லாத நாளில். நீங்கள் 21 வயதுக்குக் கீழென்றால் இலங்கையின் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களுக்கு யாரும் விற்கவே கூடாது. மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முடிக்கும்போது சிகரெட் மாதிரி நசுக்காதீர்கள், நாறும். விரலில் சூடு தட்டியதும் கிண்ண விளிம்பில் வைத்துவிட்டால் தானாக அணையும். அந்தக் கிண்ணத்தை அன்றிரவே வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். ஒருமுறை விடியட்டும் என்று விட்டேன். மூன்று நாள் என் தலையணை விறாந்தையில்தான் கிடந்தது.