தலைகீழாக நிற்கும்போது கால் சாய்கிறதா?

ஆர்ட்டிஸ்டிக் ஸ்விம்மிங், அதாவது இசைக்கு ஏற்ப நீரில் ஆடும் நீச்சல், பழகும் மகளுக்கு நீரில் தலைகீழாக நிற்கும்போது கால் சாய்கிறது, கால் பயிற்சியைக் கூட்டலாமா என்று பெங்களூரிலிருந்து கேட்டிருந்தீர்கள். கால் பயிற்சியைக் கூட்டாதீர்கள், கையைப் பாருங்கள். உங்கள் 11 வயது மகள் தலைகீழாக நின்றதும் ஐந்தே நொடியில் சாய்ந்து அமிழ்கிறாள் என்றால், பெரும்பாலும் முழங்கை விலாவை விட்டு விலகுகிறது. முழங்கை ஒட்டி இருக்க, முன்கை படுக்கையாக, உள்ளங்கை குளத்தின் தரையைப் பார்த்தபடி உள்ளும் வெளியுமாகத் துழாவ வேண்டும். ஸ்கல்லிங் என்பது இதுதான்.

ஒரு சோதனை: மூடி போட்ட காலி ஒரு லிட்டர் பாட்டில் கைக்கு ஒன்று கொடுங்கள். நேராக நின்றால் கோளாறு கையில். அப்போதும் சாய்ந்தால், தலையை அண்ணாந்து முதுகை வளைக்கிறாள். பக்கவாட்டில் ஒரு வீடியோ எடுத்தால் தெரிந்துவிடும்.

இதை உங்கள் அபார்ட்மென்ட் குளத்தில் செய்ய வேண்டாம், தலை இடிக்கும். ஆழமான குளம், பக்கத்தில் கோச், இரண்டும் வேண்டும். மூச்சை அடக்கிப் போட்டி போடுவது கூடவே கூடாது. தோள் வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

சர்வதேசப் போட்டி பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1984இல் ஒலிம்பிக்கில் நுழைந்த விளையாட்டு இது. தனிநபர் பிரிவு இப்போது அங்கே இல்லை, இருவர் ஆட்டமும் குழு ஆட்டமும்தான். அதனால் பதக்கக் கனவுக்கு முன்னால், பெங்களூரிலேயே அவள் உயரத்துக்கு ஒரு ஜோடி கிடைக்குமா என்று பாருங்கள். கஷ்டம் அங்கேதான்.