வலிப்பு இருப்பவர்கள் ஓடலாமா, அருவியில் குளிக்கலாமா?

செங்கோட்டையில் பிசியோதெரபி பார்க்கிறேன். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வீட்டாரும் உடற்பயிற்சி பற்றிக் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் உங்கள் நரம்பியல் டாக்டரோடுதான்.

அண்ணாச்சி, மகனுக்கு 14 வயசு. ஓடினால் ஃபிட்ஸ் வரும் என்று பி.இ.டி. பீரியடில் ஓரமாக உட்கார வைத்துவிடுகிறார்கள். (புளியரை)

பெரும்பாலானவர்களுக்கு ஓடுவதால் வராது. மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனை எடுக்கும்போது, வலிப்பின் அறிகுறியைத் தூண்டிப் பார்க்க வேகமாக மூச்சை இழுத்து விடச் சொல்வார்கள் இல்லையா, அதைப் பார்த்துத்தான் பலருக்குப் பயம். அது சும்மா இருக்கும் உடம்பில் வலிய மூச்சு வாங்குவது. ஓடும்போது உடம்பு கேட்கிற அளவுக்குத்தான் மூச்சு வாங்கும், இரண்டும் வேறு. ஓடி முடித்ததும் மறுபடி மறுபடி வருகிறவர்கள் அபூர்வமாக உண்டு. அப்படியானால் தேதி எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். ஐ.எல்.ஏ.இ. என்கிற, வலிப்பு நோய்க்கான உலக அமைப்பு 2016இல் விளையாட்டுகளை மூன்று வகையாகப் பிரித்தது. ஓட்டம், கிரிக்கெட், கால்பந்து, வாலிபால் எல்லாம் ஆபத்து குறைந்த முதல் வகை. ஃபீல்டிங்கில் பறந்து விழுந்த ஜான்டி ரோட்ஸுக்கும் வலிப்பு உண்டு. டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள், வாத்தியார் இறங்கி வருவார்.

சாரல் சீசனில் குற்றாலத்தில் குளிக்கலாமா? (தென்காசி)

இதில் மட்டும் நான் கறார். தண்ணீரும் உயரமும்தான் எதிரி. கரையில் வந்தால் சிராய்ப்போடு போகிற வலிப்பு, வழுக்குப் பாறையில் மண்டையை உடைக்கும். முகம் குப்புற விழுந்தால் முழங்கால் ஆழமே போதும். ஐ.எல்.ஏ.இ. பிரித்ததில் நீச்சல், ஓரளவு ஆபத்துள்ள இரண்டாம் வகை. ஒரு வருஷமாவது வலிப்பே வராமல் இருந்து, டாக்டரும் சரி என்றால் போகலாம். கூட்டம் குறைந்த நேரமாக, விஷயம் தெரிந்த, உங்களை இழுத்து வெளியே போடத் தெம்புள்ள ஒருவர் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். தனியாகக் குளம், கிணறு வேண்டவே வேண்டாம். தண்ணீருக்குள் வந்துவிட்டால் முகத்தை மேலே தூக்கிப் பிடியுங்கள், உதறல் தணிந்ததும் கரையேற்றுங்கள். எழுந்து நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நுரையீரலில் தண்ணீர் போயிருக்கலாம். அப்புறம், வீட்டுக் குளியலறையில் தாழ்ப்பாள் போடாதீர்கள்.

ஜிம்முக்குப் போகிறேன். எதைத் தவிர்க்க? (ஆரியங்காவு)

தம்பி, நெஞ்சுக்கு மேலே தூக்கும் கம்பி வெயிட் தனியாக வேண்டாம், மெஷின் நல்லது. டிரெட்மில்லில் அந்தச் சிவப்புக் கயிற்றின் கிளிப்பைச் சட்டையில் மாட்டுங்கள், விழுந்தால் மெஷின் நின்றுவிடும். எல்லா ஜிம்மிலும் அது சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டால் என்கிற வலிப்பு மாத்திரைகளை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பு பலம் குறையலாம் என்பதால், நடை, படியேற்றம், வெயிட் உங்களுக்குக் கூடுதலாகவே தேவை.

டோபிராமேட் என்கிற வலிப்பு மாத்திரை சாப்பிடும் என் மகள் வெயிலில் விளையாடினால் சுருண்டு போகிறாள்.

அந்த மருந்து வியர்வையைக் குறைக்கலாம், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு. உடம்பு சுட்டு, வியர்க்காமல் இருந்தால் உடனே நிழல், தண்ணீர். விளையாட்டை அந்தி வேளைக்கு மாற்றிவிட்டு டாக்டரிடமும் சொல்லுங்கள்.

மாலை போட்டிருக்கிறேன். மலையேறலாமா சாமி?

வலிப்பு கட்டுக்குள் இருந்து டாக்டரும் சரி என்றால் ஏறலாம் சாமி. ஏற்றத்தைவிட, ராத்திரி முழுக்க வேனில் தூங்காமல் போவதும், விரதம் என்று காலை மாத்திரையைத் தள்ளிப்போடுவதும்தான் ஆபத்து. மாத்திரையை வேனில் விட்டுவிடாமல் சட்டைப் பையிலோ தோள் பையிலோ வையுங்கள். முந்தின ராத்திரி தூங்குங்கள். காய்ச்சல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பம்பையில் தனியாக இறங்காதீர்கள்.

மைதானத்தில் வந்துவிட்டால்? சாவி கொடுக்கலாமா?

சாவியும் வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம். தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மணி பாருங்கள். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். கேரளாவில், ஆரியங்காவுப் பக்கமும் அதே நம்பர்தான். நின்றதும் உடனே தண்ணீர் புகட்டாதீர்கள், முழுசாகத் தெளியட்டும்.