பேரப்பிள்ளைகளைப் பார்க்க பெங்களூர் போகிறோம், இருபது நாள் இருப்போம். அக்கம்பக்கத்தில் என்னென்ன பார்க்கலாம்?

கேள்வியில் யார் வயதும் இல்லை. இருந்தாலும் ஊகிக்க முடிகிறது. நீங்கள் அறுபதைத் தாண்டியவர், வீட்டுக்காரருக்கு எழுபதை ஒட்டி இருக்கும், இருவரில் ஒருவருக்காவது முழங்கால் வலி. பேத்திக்கு நாலு வயது, பேரனுக்கு ஒன்றரை. மகளும் மாப்பிள்ளையும் ஐ.டி., வீடு ஒயிட்ஃபீல்டு பக்கம். இதை வைத்துத்தான் எழுதுகிறேன். எழுபதிலும் மலையேறுகிறவர் என்றால் இந்தப் பதில் உங்களுக்கு இல்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இடங்களின் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை மதியம் பன்னிரண்டரை, ஒரு மணிக்குத் தூங்கும். அந்தத் தூக்கம்தான் உங்கள் டைம்டேபிள். காலை எட்டு மணிக்குக் கிளம்பி, பன்னிரண்டுக்கெல்லாம் திரும்பி வர வண்டி ஏறிவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஓர் இடம், அவ்வளவுதான். "வந்ததே வந்தோம், அதையும் பார்த்துவிடலாம்" என்று மாப்பிள்ளை ஆசையாகத்தான் சொல்வார். அந்த இரண்டாவது இடத்தில் பிள்ளை அழ ஆரம்பிக்கும், பெரியவர்களுக்குள் சண்டையில் போய் முடியும்.

முதலில் டிக்கெட். மகளைப் போடச் சொல்வீர்கள், அவர் அவசரத்தில் ஜெனரல் கோட்டாவில் போடுவார், உங்களுக்கு அப்பர் பெர்த் வந்து நிற்கும். ஐ.ஆர்.சி.டி.சி.யில் கோட்டா என்ற இடத்தில் 'லோயர் பெர்த் / சீனியர் சிட்டிசன்' என்று மாற்ற வேண்டும். ஆணுக்கு 60, பெண்ணுக்கு 45 வயது ஆகியிருந்தால் போதும். ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் கூடாது, அந்த இரண்டு பேரும் இந்த வயதுக்கணக்கில் வர வேண்டும். துணைக்கு வருகிற மகன் பெயரை அதே டிக்கெட்டில் சேர்த்தால் கோட்டா கிடைக்காது, அவருக்குத் தனியாகப் போடுங்கள். இன்னொன்று, 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, பழைய 120 நாள் கணக்கு இப்போது இல்லை. திறந்த அன்றே போகிற டிக்கெட் போட்டால், திரும்புகிற டிக்கெட்டுக்கு இருபது நாள் கழித்து மறுபடி உட்கார வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த இரண்டாவது டிக்கெட்டில்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. 2020 மார்ச் வரை ரயிலில் 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதமும் கட்டணச் சலுகை இருந்தது. கொரோனா வந்தது, சலுகையை எடுத்தார்கள். கொரோனா போனது, சலுகை திரும்பவில்லை. கேட்டால் எல்லா டிக்கெட்டிலும் ஏற்கெனவே மானியம் இருக்கிறது என்று பதில் வருகிறது. அரசியல் பேசுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பென்ஷன் இல்லாத ஒரு தாத்தா வருஷத்துக்கு மூன்று தடவை பேரனைப் பார்க்கிறாரா, ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்கிறாரா என்பது இந்தப் பணத்தில்தான் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எந்த ஸ்டேஷனில் இறங்குவது என்பதும் முக்கியம். ஒயிட்ஃபீல்டு பக்கம் போகிறவர்கள் மெஜஸ்டிக் (ஊர் நடுவில் உள்ள கே.எஸ்.ஆர். பெங்களூர் ஸ்டேஷன்) வரை போய்த் திரும்பி வருவது வீண் அலைச்சல். ஜோலார்பேட்டை வழியாக வரும் வண்டிகளில் பல கிருஷ்ணராஜபுரத்தில் நிற்கும், மெட்ரோவும் பக்கத்திலேயே. எஸ்.எம்.வி.டி. என்று போட்டிருந்தால் அது பையப்பனஹள்ளியில் உள்ள புது டெர்மினல், விஸ்வேஸ்வரய்யா பெயரில். பையப்பனஹள்ளி என்றே மெட்ரோ ஸ்டேஷன் இருப்பதால் பக்கத்தில்தானே என்று நினைத்துவிடாதீர்கள், பெட்டியோடு நடக்கிற தூரம் இல்லை. ஆட்டோ வேண்டும்.

இனி ஊருக்குள். மகள் வீட்டுக்கு வந்த முதல் மூன்று நாள் எங்கும் போகாதீர்கள். பிள்ளைகள் உங்கள் இடுப்புக்கும் மடிக்கும் பழகட்டும். பிறகு லால்பாக். 240 ஏக்கர், முழுக்கச் சுற்ற நினைக்காதீர்கள். மெட்ரோ கிரீன் லைனில் லால்பாக் ஸ்டேஷனில் இறங்கினால் மேற்கு வாசல் கிட்டத்தில். கண்ணாடி மாளிகை, ஏரிக்கரை, கெம்பே கவுடா கோபுரம் நிற்கிற பாறை, இவை போதும். கால் வலிக்கிறவருக்கு பேட்டரி வண்டி உண்டு. அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டு. பேத்தி சறுக்கு மரம் மாதிரி அதில் ஏறி இறங்குவாள், மழை பெய்த மறுநாள் மட்டும் விடாதீர்கள், வழுக்கும். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஒட்டி மலர்க் கண்காட்சி நடக்கும். அப்போது சனி ஞாயிறு போனால் பூவைவிட முதுகுகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். வார நாளில் திறந்த உடனே போங்கள்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து பர்ப்பிள் லைனில் மாறாமல் கப்பன் பார்க் வந்துவிடலாம். மூன்று அடிக்குக் குறைவான பிள்ளைக்கு மெட்ரோவில் டிக்கெட் இல்லை. ஆபீஸ் நேரத்தில் மட்டும் ஏறாதீர்கள். பக்கத்திலேயே கஸ்தூரிபா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அறிவியல் மியூசியம், 1962-இல் திறந்தது. ரைட் சகோதரர்கள் விமானத்தின் முழு அளவு மாதிரி இருக்கிறது. மழை நாளுக்கு இதை ஒதுக்கி வையுங்கள்.

பன்னேருகட்டா உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. சஃபாரியைக் காலையில் முதல் வேலையாக முடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் சிங்கம் புலி எல்லாம் நிழலில் படுத்துவிடும். பஸ் கிளம்பினால் நடுவில் இறங்க முடியாது, எனவே ஏறும் முன் பேத்தியையும் தாத்தாவையும் பாத்ரூம் அனுப்பி, பேரனுக்கு டயாப்பர் மாற்றிவிடுங்கள். வாசலில் பிளாஸ்டிக் சோதிப்பார்கள், தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலிலும் பிஸ்கட்டை டப்பாவிலும் கொண்டுபோனால் வம்பில்லை. வாடகைக் கார் எடுத்தால் '8 மணி நேரம் 80 கிலோமீட்டர்' கணக்கில் பேசுவார்கள். ஒயிட்ஃபீல்டிலிருந்து போய்வரவே அந்த 80-இல் பெரும்பகுதி ஓடிவிடும், கூடுதல் கிலோமீட்டருக்கு என்ன என்று முன்பே கேளுங்கள்.

நந்தி மலையை எல்லோரும் சொல்வார்கள். சூரிய உதயம் பார்க்க வேண்டுமானால் இருட்டில் கிளம்ப வேண்டும். கொண்டை ஊசி வளைவில் பிள்ளை வாந்தி எடுக்கும், 1,478 மீட்டர் உயரத்தில் பனியும் காற்றும், அதற்கு மேல் சனி ஞாயிறு கார் வரிசை. "எங்க மாமியார் எழுபத்தைந்தில் போய் வந்தார்" என்று கமென்டில் ஒருவர் வருவார். வரட்டும், ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாரா என்று கேளுங்கள். மலை அடிவாரத்தில் நந்தி கிராமத்தில் 'போக நந்தீஸ்வரர்' கோயில் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையது, சமதளம், விசாலமான பிராகாரம், படி இறங்கும் பெரிய கல்யாணி (கோயில் குளம்). பேரன் பிராகாரத்தில் ஓடட்டும். கல்யாணிப் பக்கம் மட்டும் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மைசூரை ஒரே நாளில் போய்வருவது தவறு. எக்ஸ்பிரஸ்வே 118 கிலோமீட்டர்தான், ஆனால் ஒயிட்ஃபீல்டிலிருந்து அந்தச் சாலையைப் பிடிக்கவே ஒன்றரை மணி நேரம் ஆகலாம். ஓர் இரவு தங்குங்கள், அதுவும் சனி-ஞாயிறு வேண்டாம், ஞாயிறு-திங்கள். ஞாயிறும் அரசு விடுமுறை நாளும் மாலை 7 மணிக்கு அரண்மனைக்கு விளக்கு போடுவார்கள். கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்பு ஒரே நொடியில் எரியும்போது பேத்தி முகத்தைப் பாருங்கள், அரண்மனையை அப்புறம் பார்க்கலாம். சனி-ஞாயிறு என்றால் அதைப் பார்த்துவிட்டு நடுராத்திரியில்தான் வீடு சேர்வீர்கள். மாப்பிள்ளை ஒரு திங்கள் லீவு போடட்டும். திங்கள் காலை மிருகக்காட்சி சாலை (1892-இல் தொடங்கியது, செவ்வாய் விடுமுறை), உள்ளே நடை அதிகம், பேட்டரி வண்டி எடுத்துவிடுங்கள். அரண்மனைக்குள் செருப்பை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். குளிருகிறதே என்று சாக்ஸோடு போகாதீர்கள், வழவழப்பான தரையில் வழுக்கும். சாமுண்டி மலைக்குக் காரே உச்சிவரை போகும், ஆயிரம் படி வேண்டுதல் இருந்தால் மாப்பிள்ளை ஏறட்டும். போகிற வழியில் ஸ்ரீரங்கப்பட்டணம் ரங்கநாதரைப் பார்ப்பதானால் மதியம் நடை சாத்துவதற்குள் போங்கள்.

பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. கர்நாடகத்தில் பெண்களுக்கு இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2023 ஜூனில் வந்த அந்த சக்தி திட்டம் கர்நாடகத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான். தமிழ்நாட்டு ஆதாரைக் காட்டினால் கண்டக்டர் டிக்கெட் கிழித்துத்தான் தருவார்.

ஸ்ட்ரோலர் லால்பாக் தார்ச்சாலையில் நன்றாக ஓடும். நடைபாதையில் பெயர்ந்த கல்லுக்கு நடுவே முன் சக்கரம் இறங்கி நின்றுவிடும், பிள்ளை முன்னால் குனியும். பெல்ட் போடாமல் தள்ளாதீர்கள். ஒன்றரை வயதுப் பிள்ளை பத்து, பதினொரு கிலோ இருக்கும், தாத்தா இடுப்பில் வைத்து நடப்பது முதுகுக்கு ஆகாது, உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளட்டும். காரில் மட்டும் முன் சீட்டில் மடியில் வைக்கக் கூடாது, ஏர்பேக் திறந்தால் பிள்ளைக்குத்தான் ஆபத்து. அரை நாளுக்கு மூன்று டயாப்பர், மாற்று உடை இரண்டு செட், தயிர் சாதம் ஒரு டப்பா. டிசம்பர், ஜனவரியில் போவதானால் மப்ளர்.

மகளிடம் ஒன்று சொல்லிவையுங்கள். அபார்ட்மென்ட் செயலியில் உங்கள் பெயரையும் போன் நம்பரையும் வந்த அன்றே குடும்ப உறுப்பினராகச் சேர்க்கட்டும். இல்லாவிட்டால் பேத்தியைப் பார்க்குக்குக் கூட்டிப்போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் கேட்டில் செக்யூரிட்டி ஓ.டி.பி. கேட்பார். அந்த நேரம் பார்த்து மகள் மீட்டிங்கில் இருப்பார், போனை எடுக்க மாட்டார்.