நாடா வெட்டப் பணம், மெம்பிரேனுக்கு இல்லை

கேள்வி: எங்கள் ஊர் ஆர்.ஓ. (கிணற்றுநீரின் உப்பை நீக்கும்) குடிநீர் நிலையம் இரண்டு வருசமாகப் பூட்டிக் கிடக்கிறது. சங்கம் ஒழுங்காக நடத்தவில்லையாம். இப்போது பக்கத்து ஊரில் புதிதாக ஒன்று கட்டக் காசு ஒதுக்கப் போகிறார்கள். பழையதைத் திருத்த மட்டும் ஏன் காசில்லை?
– வாசகர், செட்டிகுளம்

பதில்: கட்டுவது மூலதனச் செலவு, பெயர்ப்பலகை வைக்கலாம். மெம்பிரேன், அதாவது உப்பைத் தடுத்து நல்ல தண்ணீரை மட்டும் விடும் சவ்வு, மாற்றுவது மீண்டெழும் செலவு. அதற்கு நாடா வெட்ட யார் வருவார்கள்?

மணிக்கு 1,000 லீற்றர் தரும் நிலையம் பத்து மணிநேரம் ஓடினால், ஆளுக்கு 5 லீற்றர் வீதம் 2,000 பேருக்குக் காணும். பாதி கழிவாகப் போவதென்றால் 20,000 லீற்றர் கிணற்றுநீர் இறைக்க வேண்டும். அதில் கல்சியம் படியாமலிருக்க லீற்றருக்கு 4 மில்லிகிராம் படிவுத்தடுப்பு மருந்து: நாளுக்கு 80 கிராம், மாதம் இரண்டரைக் கிலோவுக்குள். இந்தச் சின்னச் செலவை மிச்சம்பிடித்து ஓட்டினால்தான் மெம்பிரேனில் கல் பிடிக்கிறது.

சங்கத்தைத் திட்டுமுன் பதிவேட்டைப் பாருங்கள். வடிந்து வரும் நல்ல தண்ணீர் குறைந்துகொண்டே போயிருந்தால் பெரும்பாலும் படிவுதான். பத்து வீதம் குறைந்ததுமே சித்திரிக்கமிலக் கரைசலால் கழுவியிருந்தால் தப்பியிருக்கும். தண்ணீர் கூடி, உப்பும் கூடியிருந்தால் பெரும்பாலும் மெம்பிரேனைக் குளோரீன் தின்றிருக்கிறது. குளோரீனைப் பிடிக்கும் கரி வடியை நேரத்துக்கு மாற்றவில்லை. அந்த மெம்பிரேன் இனி உதவாது. பதிவேடே இல்லையென்றால் சங்கத்துக்கும் பங்குண்டு. ஆனால் பூட்டிய அன்று மெம்பிரேனுக்குள் அது கெடாமலிருக்க 1 வீத சோடியம் மெற்றாபைசல்பைற்றுக் கரைசல் நிரப்ப வேண்டுமென்று அவர்களுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? வெறுமனே காயவிட்டிருந்தால் மெம்பிரேன் எல்லாம் மாற்றத்தான் வேண்டும். பம்பியும் தாங்கியும் குழாய்க்கிணறும் பெரும்பாலும் மிஞ்சும். புதுக் கட்டடத்தோடு ஒப்பிட்டால் திருத்தச் செலவு சொற்பம்.

தண்ணீர் விலையையும் கேளுங்கள். ஆறு மெம்பிரேன், நான்கு வருச ஆயுள், வருசம் 300 நாள், நாளுக்கு 10,000 லீற்றர் என்றால் 120 இலட்சம் லீற்றர். மெம்பிரேன்களின் மொத்த விலையை அதனால் வகுத்து வருவதை ஒவ்வொரு லீற்றரிலும் சேர்த்து, தனிக் கணக்கில் போட வேண்டும். கரண்டுக் காசுக்கு மட்டும் விலை வைத்த நிலையம் முதல் மெம்பிரேனோடு படுத்துவிடும்.

பக்கத்து ஊர் மதிப்பீட்டில் ஒரு தொகுதி மாற்று மெம்பிரேன், இயக்குபவருக்குப் பயிற்சி, கழிவுநீர் வாய்க்கால் மூன்றும் உண்டா என்று பிரதேச சபைக் கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள். கழிவுநீரில் புளோரைட்டும் உப்பும் ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும். நிலையத்துக்குப் பின்னால் திறந்துவிட்டால் அதே கிணற்றுக்குத்தான் ஊறி இறங்கும்.