மூக்கு ஏன் பெரிதாகிறது? படமெடுப்பவர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முகங்களைப் பற்றியவை. எடுத்த படத்தை எப்படிச் சரிசெய்வது என்றுதான் பலரும் கேட்டிருக்கிறீர்கள். சிலவற்றுக்கு என் பதில் எடிட்டிங்கை விட்டுவிட்டு கேமரா பக்கமே திரும்பிப் போகும். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நான் கைபேசியில்தான் படம் எடுக்கிறேன். தங்கையைக் கிட்டத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் வருகிறது. ஆப்பில் மூக்கைக் குறைத்துக் காட்டினால், 'இது நானே இல்லை' என்கிறாள். லென்ஸ் கோளாறா?

பதில்: லென்ஸ் மேல் பழி போடாதீர்கள். தூரம்தான் கோளாறு. ஒரு சின்னக் கணக்கு. மூக்கு நுனியிலிருந்து காது 12 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைபேசியை மூக்கிலிருந்து 30 செ.மீ.யில் பிடித்தால் காது 42 செ.மீ.யில் இருக்கும். காதோடு ஒப்பிட்டால் மூக்கு 40 சதவீதம் பெரிதாகப் பதிவாகிவிடும். அதே தங்கையை 2 மீட்டர் தள்ளி நின்று எடுங்கள். மூக்கு 200 செ.மீ.யில், காது 212 செ.மீ.யில். வித்தியாசம் வெறும் 6 சதவீதம்.

85 மி.மீ. லென்ஸ் முகத்தை அழகாகக் காட்டும் என்று சொல்வார்களே, அதன் சூட்சுமமும் இவ்வளவுதான். அந்த லென்ஸில் முகம் ஃபிரேமுக்குள் அடங்க நீங்கள் பின்னால் போயே ஆகவேண்டும். கைபேசியின் மெயின் கேமரா பெரும்பாலும் 24 முதல் 28 மி.மீ. லென்ஸுக்குச் சமமான அகலக் கோணம். முகம் பெரிதாக வரட்டுமே என்று நம்மைக் கிட்டே இழுத்துவிடும். 2 மீட்டரில் நின்றுகொண்டு 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் ஜூம் வைத்து எடுங்கள். அந்த வசதி இல்லையா, அப்படியே எடுத்துவிட்டு ஓரங்களை வெட்டிக்கொள்ளுங்கள். பிக்சல் குறையும், முகம் பிழைக்கும். ஆப்பில் மூக்கைச் சுருக்கினால் மூக்கு மட்டும்தான் சுருங்கும். கன்னத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட காது வெளியே வராது. தங்கை சொல்வது சரி.

கேள்வி: எங்கள் வீட்டில் எல்லோருமே நல்ல கறுப்பு. வெள்ளைச் சுவர் முன்னால் எடுத்தால் முகம் இருண்டுவிடுகிறது. கணினியில் பிரைட்னஸைக் கூட்டினால் சாம்பல் பூசிய மாதிரி ஆகிறது, நெற்றியில் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இதில் மூன்று கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

முதலாவது, கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர். தான் பார்க்கும் காட்சியின் சராசரி நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டுதான் கேமரா வெளிச்சக் கணக்குப் போடுகிறது. ஃபிரேமில் முக்கால்வாசி வெள்ளைச் சுவர் என்றால் அந்தச் சுவரைச் சாம்பலுக்கு இறக்கப் பார்க்கும். கூடவே முகமும் இறங்கும். முகத்தை அடையாளம் காணும் புதிய கேமராக்கள் கொஞ்சம் ஈடுகட்டும், ஆனால் பல நேரம் அது போதாது. கேமரா போட்ட கணக்கைவிட வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 வையுங்கள். கைபேசியென்றால் முகத்தைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் வரும் சூரியப் படத்தை மேலே தள்ளுங்கள். சுவர் வெளுத்துப் போகும். போகட்டும், சுவரையா படம் எடுக்கிறீர்கள்? இன்னும் நல்ல வழி, வெள்ளைச் சுவரையே விட்டுவிட்டு ஒரு மரக்கதவையோ அடர்நிறத் திரையையோ பின்னால் வைப்பது.

இரண்டாவது, அந்தத் திட்டுகள். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள்தான். ஃபைல் அளவைக் குறைப்பதற்காக நுணுக்கங்களையும் கேமரா தூக்கிப் போட்டிருக்கும். இருண்ட பகுதியை இழுத்து மேலே கொண்டுவந்தால் படிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வெளியே தெரிகிறது. கேமரா பதிவுசெய்ததைச் சுருக்காமல், திருத்தாமல் அப்படியே வைத்திருப்பது ரா ஃபைல். 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள். இழுத்தாலும் கிழியாது. உங்கள் கேமராவில் ரா இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, சாம்பல் நிறம். பிரைட்னஸ் ஸ்லைடர் கறுப்பையும் சேர்த்துத் தூக்குவதால் தோலின் செறிவு வடிந்துவிடுகிறது. எக்ஸ்போஷரைக் கூட்டிவிட்டு 'பிளாக்ஸ்' ஸ்லைடரைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். படத்தின் மொத்த நிறச் சாயலை மாற்றும் ஒயிட் பேலன்ஸைச் சிறிது மஞ்சள் பக்கம் நகர்த்துங்கள். அப்புறம் வண்ணப் பட்டியலில் ஆரஞ்சை மட்டும் எடுத்து அதன் ஒளிர்வைத் துளியளவு கூட்டுங்கள். யாருடைய தோலானாலும் நிற வட்டத்தில் ஆரஞ்சும் சிவப்பும் சார்ந்த இடத்தில்தான் விழும். ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுவது அடர்த்தியும் ஒளிர்வும்.

இதெல்லாம் இருக்கட்டும். கறுப்பு முகத்தைச் சிவப்பாக்கித் தரும் வேலை மட்டும் வேண்டாம். அந்தத் தோலின் அழகே வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும் மினுமினுப்பில் இருக்கிறது. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்துப் பாருங்கள். கன்ன எலும்பின் மேல் ஒரு கோடு, மூக்குத்தண்டில் ஒரு கோடு, நெற்றியில் ஒரு தீற்றல். முகத்தின் வடிவம் முழுக்க அந்த மூன்றில் வந்துவிடும். வியர்வையைத் துடையுங்கள், பவுடர் போட்டு மினுமினுப்பைக் கொல்லாதீர்கள். கலர் ஃபிலிம் காலத்தில் படத்தைக் கழுவி அச்சிடும் லேப்காரர்கள் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் 'ஷெர்லி கார்டு' என்று ஒன்றை அனுப்பிக்கொண்டிருந்தது. பல பத்தாண்டுகளுக்கு அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். பல நிறத்தவர் சேர்ந்திருக்கும் கார்டு 1990களில்தான் வந்தது. ஆகவே கறுப்பு முகம் படத்தில் சரியாக வராததற்கு முகம் காரணமில்லை.

கேள்வி: படம் பதியும் சென்சார் பெரிதாக உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கினால்தான் போர்ட்ரெய்ட் நன்றாக வருமா?

பதில்: இல்லை. அதைவிடச் சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் சாதாரண 50 மி.மீ. லென்ஸைப் போட்டால், ஃபுல் ஃபிரேமில் ஏறக்குறைய 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் தரும் கோணத்தை அது தரும். முகத்துக்கு அது தாராளம்.

கேள்வி: ஃபிரீக்வென்சி செபரேஷன் கற்றுக்கொண்டு மனைவியின் படத்தை ராத்திரி முழுக்க ரீடச் செய்தேன். 'பொம்மை மாதிரி இருக்கு' என்று சொல்லிவிட்டாள். நுண்துளைகள்கூட அப்படியே இருக்கின்றனவே, ஏன்?

பதில்: என் ஓட்டும் அவருக்குத்தான். அந்த முறை படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு லேயராகப் பிரிக்கிறது. ஒன்றில் நிறமும் நிழலும், இன்னொன்றில் நுண்துளையும் முடியும் சுருக்கமும். நிற லேயரை மட்டும் மழுக்கினால் துளைகள் தப்பித்துவிடும் என்பதுதான் அதன் கவர்ச்சி. துளைகள் தப்பித்துவிடும், வாஸ்தவம். அவற்றுக்கு அடியில் கன்னத்தின் மேடு பள்ளம் போய்விடும். தோல் அச்சடித்த காகிதத்தைப் பலகையில் ஒட்டியது போலாகிவிடும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். புதிதாக ஒரு வெற்று லேயர், அதில் ஹீலிங் பிரஷ், பருவைவிடக் கொஞ்சமே பெரிய வட்டம். இரண்டு வாரத்தில் தானாகவே மறைந்துவிடக்கூடியது எதுவோ அதை எடுத்துவிடுவேன்: பரு, கொசுக்கடி, சவரக் கீறல். மச்சம், தழும்பு, அம்மை வடு எல்லாம் அவரவர் சொத்து. கேட்காமல் தொடுவதில்லை. என் அத்தைக்கு மேலுதட்டருகே பெரிய மச்சம் உண்டு. 'எடுத்துவிடட்டுமா?' என்று ஒருமுறை கேட்டேன். 'எடுத்துட்டு, இது யாருன்னு கீழே எழுதி ஒட்டப் போறியா?' என்றார்.

கருவளையத்தை முழுசாக அழித்தால் கண் முகத்திலிருந்து கழன்று நிற்கும். 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய ஒரு லேயரை 'சாஃப்ட் லைட்' முறையில் போட்டு, வெள்ளை பிரஷ்ஷின் ஃப்ளோவை, அதாவது ஒரு தடவைக்கு வழியும் வண்ணத்தை, 3 அல்லது 4 சதவீதத்தில் வைத்து, நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். பாதி தூரத்தில் நிறுத்திவிடுங்கள். கண்ணின் வெண்விழியும் அப்படித்தான். அது உருண்டை, ஓரங்களில் நிழல் இருந்தே தீரும். சுண்ணாம்பு வெள்ளையாக்கினால் பேய்க்கண்.

200 சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கும்போது முகம் தெரியாது, தோல்தான் தெரியும். அதனால் அடிக்கடி முழுப் படத்துக்கு வாருங்கள். ராத்திரி முடித்ததைக் காலையில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள். கண்ணில் அடித்தால் அந்த லேயரின் ஒபாசிட்டியைப் பாதியாக்குங்கள். இதற்கெல்லாம் இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருள் போதும். ரா ஃபைலைத் திறக்க டார்க்டேபிள், அதுவும் இலவசம்தான்.

கேள்வி: லென்ஸை எஃப் 1.8 அளவுக்கு அகலத் திறந்து எடுத்தால் ஒரு கண் கூர்மையாகவும் இன்னொன்று மங்கலாகவும் இருக்கிறது. ஃபோகஸ் பழுதா?

பதில்: பழுது இல்லை. ஃபுல் ஃபிரேமில் 85 மி.மீ. லென்ஸை 1.8-இல் திறந்து ஒன்றரை மீட்டரில் எடுத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் 3 செ.மீ.தான். தலை லேசாகத் திரும்பினாலே மறு கண் அதைத் தாண்டிவிடும். திறப்பைக் குறைத்து எஃப் 4 வைத்தால் ஆழம் இரட்டிப்புக்கு மேல் ஆகும். 1.8தான் வேண்டுமென்றால், உங்களுக்குக் கிட்டே இருக்கும் கண்ணில் ஃபோகஸ் வையுங்கள்.

கேள்வி: 'சிரிங்க' என்றதும் எல்லோரும் விறைத்துப்போகிறார்கள்.

பதில்: பிறகு ஏன் சொல்கிறீர்கள்? பிரெஞ்சு மருத்துவர் துஷேன் முகத் தசைகளில் மின்சாரம் பாய்ச்சிப் படமெடுத்து 1862-இல் வெளியிட்டார். வாயோரத் தசை சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றியுள்ள தசையோ உண்மையான மகிழ்ச்சிக்குத்தான் அசையும் என்பது அவர் கண்டது. நான் முதலில் கையில் ஏதாவது கொடுத்துவிடுவேன், ஒரு புத்தகமோ மூக்குக்கண்ணாடியோ. அப்புறம் அவருக்குப் பிடிக்காத ஒன்றைப் பற்றிப் பேச்செடுப்பேன். பிடித்ததைப் பற்றிக் கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்வார்கள். பிடிக்காததைத் திட்டும்போது முகம் முழுக்க வேலை செய்யும், திட்டி முடித்துத் தாங்களே சிரித்துவிடுவார்கள். அங்கே ஷட்டரை அழுத்துங்கள்.

கேள்வி: படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் பருக்கள் மறைகின்றன. இது ஏமாற்று வேலையா?

பதில்: ஏமாற்று இல்லை, ஆனால் 'சாச்சுரேஷன்' ஸ்லைடரைப் பூஜ்யத்தில் வைத்து மாற்றாதீர்கள். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் சேனல் மிக்ஸருக்குப் போங்கள். சிவப்பைக் கூட்டினால் தோல் வெளிறி, பருவும் திட்டும் மங்கும். ரொம்பக் கூட்டினால் உதடும் காணாமல் போகும். நீலத்தைக் கூட்டினால் ஒவ்வொரு சுருக்கமும் செதுக்கியது போல வரும், கூடவே நாய்ஸ் என்னும் பொடிப்பொடிப் புள்ளிகளும் வரும். வயதானவர்களுக்குப் பச்சைச் சேனல் எனக்குப் பிடிக்கும். கலர் ஃபைலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.