டபுள் பெடல் வாங்கப் போகிறீர்களா? டிரம்ஸ் கேள்வி-பதில்

கேள்வி: செயின் டிரைவ், டைரக்ட் டிரைவ், பெல்ட் என்று மூன்று வகை சொல்கிறார்கள். காலுக்கு நிஜமாகவே வித்தியாசம் தெரியுமா அண்ணா, இல்லை கடைக்காரர் பேச்சா?

பதில்: நன்றாகவே தெரியும். டபுள் பெடல் என்றால் ஒரே பேஸ் டிரம்மை இரண்டு காலாலும் அடிக்க உதவும் ஜோடிப் பெடல்; இடது பெடலை ஒரு கம்பி வலது பக்கத்தோடு இணைக்கும். கால் வைக்கும் ஃபுட்போர்டையும், டிரம்மை அடிக்கும் சுத்தியல் மாதிரியான பீட்டர் நிற்கும் அச்சையும் எது இணைக்கிறது என்பதுதான் விஷயம். செயினுக்குக் கொஞ்சம் எடை உண்டு, அது அடிக்கு வலு சேர்க்கும். அதே நேரம் செயின் வளைந்து கொடுப்பதால் காலில் சின்னச் சின்னப் பிசகு இருந்தாலும் அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது. டைரக்ட் டிரைவில் செயின் இருக்கும் இடத்தில் கெட்டியான உலோக இணைப்பு. கால் அசைந்த அதே கணம் பீட்டரும் அசையும். வேகமாக, சீராக வாசிப்பவர்களுக்கு அது வரம். கால் இன்னும் பழகாதவர்களுக்கோ, தடுமாற்றம் எல்லாம் வெளியே கேட்டுவிடும். பெல்ட் லேசானது, சத்தமில்லாதது. மென்மையாக வாசிக்கிறவர்களுக்குப் பிடிக்கும்.

டைரக்ட் டிரைவ் ஏதோ ஹெவி மெட்டல் இசைக் காலத்துக் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. லுட்விக் கம்பெனியின் ஸ்பீட் கிங் பெடல் 1937லேயே உலோக இணைப்போடுதான் வந்தது. பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரும் லெட் செப்பலின் டிரம்மர் ஜான் பொன்ஹாமும் வாசித்த பெடல் அது.

ஆனால் என்னைக் கேட்டால், செயினா பெல்ட்டா என்பதைவிட அது சுற்றி ஓடும் சக்கரமான கேமின் வடிவத்தைத்தான் முதலில் பார்ப்பேன். கேம் முழு வட்டமாக இருந்தால், காலை அழுத்திய அளவுக்கே பீட்டர் நகரும். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே உணர்வு. வட்டம் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கிய கேம் என்றால், தோலை நெருங்க நெருங்க பீட்டர் வேகம் பிடிக்கும். அடி பலமாக விழும். டாமா கம்பெனியின் அயர்ன் கோப்ரா பெடலில் ரோலிங் கிளைட் முதல் வகை, பவர் கிளைட் இரண்டாவது வகை. இரண்டையும் அடுத்தடுத்து மிதித்துப் பார்த்தால் நான் சொல்வது உடனே புரியும். பேர்ல் கம்பெனியின் எலிமினேட்டர் பெடலில் கேமையே கழற்றி மாற்றிக்கொள்ளலாம். முதல் பெடல் வாங்குகிறவர் வட்டக் கேம் உள்ள செயின் பெடலாகப் பார்த்து எடுங்கள். கால் பழகட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: என்னிடம் இருக்கும் பணத்துக்கு ஒரு சுமாரான டபுள் பெடல் வரும், அல்லது நல்ல சிங்கிள் பெடல் வரும். சர்ச்சில் வாசிக்கிறேன், அவ்வப்போது மெல்லிசைக் கச்சேரியும் உண்டு. எதை எடுக்க?

பதில்: யோசிக்கவே வேண்டாம், நல்ல சிங்கிள். நீங்கள் வாசிக்கும் பாடல்களில் இடது கால் ஹைஹாட் என்ற ஜோடித் தட்டின் பெடலில்தான் இருக்க வேண்டும். அந்தக் காலை அங்கிருந்து எடுத்தால் பாட்டின் நடையே ஆடிப்போகும். ஒற்றைப் பெடலில் எவ்வளவு தூரம் போகலாம் என்று தெரிய வேண்டுமா? 1969ல் வந்த லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தில் முதல் பாட்டைக் கேளுங்கள். பொன்ஹாமின் வலது கால் மட்டுமே வாசித்தது அது.

மெட்டல், புரோக்ரெசிவ் ராக் பக்கம் போகிறவர்களுக்கு டபுள் வேண்டும்தான். அவர்களும் பிராண்டை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கடையிலேயே குனிந்து உட்கார்ந்து பாருங்கள். இடது பீட்டரை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் இடது ஃபுட்போர்டை மெல்ல அழுத்துங்கள். பிடித்த பீட்டரில் அழுத்தம் தெரிவதற்கு முன்பே ஃபுட்போர்டு கொஞ்சம் இறங்கினால், நடுவில் இருக்கும் கம்பியின் மூட்டுகளில் ஆட்டம் இருக்கிறது என்று அர்த்தம். புதுசிலேயே ஆட்டம் இருந்தால் பழகப் பழக அது கூடும், குறையாது. அடுத்து, வலது பீட்டரைப் பின்னுக்கு இழுத்து விட்டு, எவ்வளவு நேரம் ஊசலாடுகிறது என்று பாருங்கள். இடதிலும் அதையே செய்யுங்கள். கம்பியையும் சேர்த்துச் சுமப்பதால் இடது கொஞ்சம் முன்னாலேயே நிற்கும், அது இயல்பு. இரண்டு மூன்று ஆட்டத்திலேயே நின்றுபோனால் அந்தப் பெடல் வேண்டாம். கடைசியாக, இடதை மட்டும் வேகமாக மிதிக்கும்போது வலது பீட்டரும் சேர்ந்து துடிக்கிறதா என்று கவனியுங்கள்.

கேள்வி: டபுள் பெடல் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. இடது அடி எப்போதும் சன்னமாக, லேசாகப் பிந்தி விழுகிறது. பெடல் கோளாறா, கால் கோளாறா?

பதில்: பெரும்பாலும் இரண்டும் கலந்துதான் இருக்கும். முதலில் பெடல். இணைப்புக் கம்பி எவ்வளவு நேராக இருக்கிறதோ அவ்வளவு நல்லது; மூட்டுகள் கூர்மையாக மடங்கினால் காலின் பலம் அங்கேயே செலவாகிவிடும். இடது பெடலை ஸ்னேர் ஸ்டாண்டைச் சுற்றி எங்கோ தள்ளி வைத்திருந்தால் முன்னே கொண்டு வாருங்கள். டிரம் கீயால் கம்பியின் திருகுகளை எல்லாம் இறுக்குங்கள். இரண்டு பீட்டரும் ஒரே உயரம், ஒரே கோணமா? இடது ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கிப் பாருங்கள். இரண்டு பக்கத்து ஸ்பிரிங்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, காலில் ஒரே மாதிரி உணர்ந்தால் போதும்.

இத்தனைக்குப் பிறகும் பிந்தினால், அது கால். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 120 டெம்போவில், அதாவது நிமிடத்துக்கு 120 பீட், ஒரு பீட்டுக்கு நான்கு அடி என்றால் நொடிக்கு எட்டு அடி, ஒவ்வொரு காலுக்கும் நான்கு. வலது கால் பல வருடமாகச் செய்த வேலையை இடது கால் ஆறு மாதத்தில் செய்யாது. தாளம் காட்டும் மெட்ரோனோமை 60ல் வையுங்கள், இடது காலால் தொடங்கி வாசியுங்கள். வழக்கமான ராக் பீட்டில் வலது கால் வாசிக்கும் கிக், அதாவது பேஸ் டிரம் அடி அத்தனையையும் தினமும் கொஞ்ச நேரம் இடது காலுக்குக் கொடுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: இரண்டு காலும் பெடலில் இருக்கும்போது ஹைஹாட் திறந்துகொண்டு இரைகிறது.

பதில்: டிராப் கிளட்ச் என்று கேட்டு வாங்குங்கள், ஹைஹாட்டின் மேல் தட்டைப் பிடித்திருக்கும் கொக்கி அது. ஸ்டிக்கால் அதை ஒரு தட்டு தட்டினால் மேல் தட்டு விழுந்து மூடிக்கொள்ளும். ஹைஹாட் பெடலை மறுபடி மிதித்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஹைஹாட் ஸ்டாண்டின் கால் இடது பெடலை இடித்தால், இரண்டு கால் ஸ்டாண்ட் அல்லது கால்களைச் சுழற்றிவைக்கும் ஸ்டாண்ட் நல்லது.

கேள்வி: டபுள் பெடலுக்குப் பதில் இரண்டு பேஸ் டிரம் வைத்தால் சவுண்ட் நன்றாக இருக்குமா?

பதில்: ஜாஸ் டிரம்மர் லூயி பெல்சன் முதல் ராக் டிரம்மர் ஜிஞ்சர் பேக்கர் வரை அப்படி வாசித்த பெரியவர்கள் உண்டு. ஒவ்வொரு அடிக்கும் தோல் முழுதாக அதிர இடம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி டியூன் செய்ய வேண்டும், இரண்டு மைக், இரட்டிப்பு இடம், இரட்டிப்புச் சுமை. டிடபிள்யூ கம்பெனி 1983ல் 5002 டபுள் பெடலைக் கொண்டுவந்த பிறகு பலர் ஒரே டிரம்முக்கு வந்ததற்குக் காரணம் இதுதான். நம் ஊர் மேடை அகலத்துக்கும் டபுள் பெடலே சரி.

கேள்வி: எலக்ட்ரானிக் கிட்டில் டபுள் பெடல் மாட்டலாமா?

பதில்: பேஸ் டிரம்முக்குப் பதில் இருக்கும் கிக் பேடின் அகலத்தைப் பொறுத்தது. இரண்டு பீட்டரும் பேடுக்குள் விழ வேண்டும், நடுவிலிருந்து சம தூரத்தில். பீட்டரே இல்லாமல் பெடலும் சென்சாரும் ஒன்றாக வரும் வகை என்றால் மாட்ட முடியாது.

கேள்வி: கடற்கரை ஊரில் இருக்கிறேன். பெடல் சீக்கிரம் துருப்பிடிக்கிறது.

பதில்: வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஸ்பிரிங்கையும் செயினையும் துடைத்துவிடுங்கள். எண்ணெயை ஊற்றிவிட வேண்டாம், தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும். ஒரு துளி தொட்டுத் தடவினால் போதும். ஸ்பிரிங் கீச்சிட ஆரம்பித்தால் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. கச்சேரிப் பையில் ஒரு ஸ்பிரிங், ஒரு டிரம் கீ எப்போதும் இருக்கட்டும்.